கொப்புளம் பிறக்கும் இடம்

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கு முந்திய இரவில் சாத்தூர்ப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி எனப் பல திசைகளிலிருந்தும் மக்கள் சாரிசாரியாக நடந்து வருவார்கள். மஞ்சளும் சிவப்புமாய் ஆடைகள்; தலையில் சிறு மூட்டை; தோளில் உறங்கும் குழந்தை. அனைவரும் சென்று சேருமிடம் ஒன்றே. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் அமைந்த இருக்கன்குடி மாரியம்மன் கோயில்தான் அது. இரண்டு கங்கைகள் கூடும் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்று அப்பகுதி மக்கள் கூறுவர்.

விடிந்தபின் அங்குள்ள மரநிழல்களில் இன்னொரு காட்சியைக் காணலாம். காலை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டு உள்ளங்காலையே பார்த்தபடி பலர் அமர்ந்திருப்பார்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே சாலையில் சேர்ந்து நடந்து வந்த இருவரில் ஒருவருக்குக் காலெல்லாம் கொப்புளம். மற்றவர் பாதமோ புறப்பட்டபோது இருந்தபடியே இருக்கும். இது ஏன்?

கல்லூரியில் உராய்வு பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் இதையே வேறு விதமாகக் கேட்டார். "சார், தீக்குச்சியை உரசினால் சூடேறிப் பற்றிக்கொள்கிறது. அதுபோலக் கால் செருப்பில் உரசிச் சூடேறுவதால்தானே கொப்புளம் வருகிறது?" தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரிலிருந்து வரும் மாணவருக்கு இப்படித் தோன்றுவது இயல்பே. நானும் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் நான் சொன்னது தவறென்று தெரிந்தது. அடுத்த வகுப்பில் அவரிடம் திருத்திச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் விரிவாகச் சொல்கிறேன்.

புத்தகமும் தோலும்

தடித்த புத்தகம் ஒன்றை மேசைமேல் வையுங்கள். மேலட்டையின்மீது உள்ளங்கையை அழுத்தி, பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். கீழட்டை அசையாமல் இருக்க, மேலட்டை நகர்கிறது. இடையிலுள்ள தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் சாய்ந்து நிற்கின்றன. இதையே இயற்பியலில் சறுக்குப் பெயர்ச்சி என்கிறோம். பொருளின் மேல்பரப்பு ஒரு பக்கமும் அடிப்பரப்பு மறுபக்கமும் இழுக்கப்படும்போது, உள்ளே இருக்கும் அடுக்குகளே அந்த இழுப்பைத் தாங்குகின்றன.

நம் தோலும் அடுக்குகளால் ஆனதே. மேல்தோலின் உச்சியில் உயிரற்ற, கெட்டியான கொம்புப் படலம் இருக்கிறது. உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் இது மிகத் தடிமனானது. இதன் கீழே உயிருள்ள செல்கள் பல வரிசைகளாக ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கும் கீழே இரத்த நாளங்களும் நரம்புகளும் கொண்ட உள்தோல். அதன் கீழே கொழுப்பு, பின்னர் எலும்பு.

இப்போது நடக்கும் காலை நினைத்துப் பாருங்கள். குதிகால் தரையில் படும்போது எலும்பு முன்னோக்கி நகர முயல்கிறது; தோலோ செருப்போடு ஒட்டி நிற்கிறது. அடுத்த கணம் விரல்களை ஊன்றி உந்தும்போது இழுப்பின் திசை மாறுகிறது. இந்தக் கிடைவிசை உடல் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குவரை இருக்கும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு, ஒவ்வோர் அடியிலும் 12 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுப்பு ஒருமுறை பின்னாலும் ஒருமுறை முன்னாலுமாகப் பாதத்தில் விழுகிறது.

சிவகாசியிலிருந்து சாத்தூர் வழியாக இருக்கன்குடிக்கு ஏறத்தாழ 27 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு 75 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 36,000 அடிகள். ஒரு காலுக்கு 18,000. மெல்லிய கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. இப்புறமும் அப்புறமுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. மேல்தோலின் நடு அடுக்குச் செல்களுக்கு நேர்வதும் இதுதான். அவை ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி அறுந்து, உள்ளே ஒரு பிளவு உண்டாகிறது. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கசியும் நீர் அந்தப் பிளவை நிரப்புகிறது. இதுவே கொப்புளம். அது தோலின் பரப்பில் பிறப்பதில்லை; தோலுக்குள்ளே பிறக்கிறது.

அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர் என்ற தோல் மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் இதை ஆராய்ந்து 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். தன்னார்வலர்களின் தோலைக் கருவியால் தேய்த்துப் பார்த்தபோது, தடித்த தோலுள்ள உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற இடங்களில் கொப்புளம் எழுந்தது; தோல் மெல்லிய இடங்களில் சிராய்ப்பே உண்டாயிற்று. உறுதியான கூரை இருந்தால்தான் அதன் கீழ் நீர் தேங்க முடியும் அல்லவா? தீப்புண்ணில் எழும் கொப்புளத்தில் மேல்தோல் அடியோடு பிரிகிறது. உராய்வுக் கொப்புளத்திலோ மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் சேதமின்றி இருக்கின்றன. ஆகவே இரண்டும் வெவ்வேறு. சூடு இருந்தால் கொப்புளம் விரைந்து வரும் என்பது உண்மையே. ஆனால் மூலகாரணம் சூடன்று, சறுக்குப் பெயர்ச்சியே.

ஈரம் செய்யும் வேலை

இனி உங்கள் கையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். இடது புறங்கையின்மீது வலது ஆள்காட்டி விரலை வைத்து, லேசாக அழுத்தி, பக்கவாட்டில் இழுங்கள். முதலில் விரல் வழுக்காது; அதனுடன் சேர்ந்து தோலும் நகரும். ஓரளவுக்குப் பிறகே விரல் வழுக்கிச் செல்லும். அந்த இடத்தில் சிறிது முகப்பவுடர் தடவி மறுபடி இழுங்கள். விரல் உடனே வழுக்கிவிடும். பவுடரைத் துடைத்துவிட்டு, வாயால் ஊதித் தோலைச் சற்றே ஈரமாக்கி இழுங்கள். இப்போது தோல் வெகுதூரம் இழுபடுகிறது. வழுக்கினால் உள்ளடுக்குகள் தப்பின; ஒட்டிக்கொண்டால் அவைதான் இழுப்பை ஏற்கின்றன.

1955இல் நெய்லர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். உலர்ந்த தோலில் உராய்வு குறைவு. நன்றாக நனைந்து நீர் வழியும் தோலிலும் உராய்வு குறைவு. இடைப்பட்ட மிதமான ஈரத்தில்தான் உராய்வு அதிகம். ஷூவுக்குள் வியர்த்த கால் இந்த இடைநிலையில்தான் இருக்கிறது. ஆற்றிலோ குழாயடியிலோ குளித்துவிட்டு, பாதத்தைத் துடைக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பவரின் காலும் விரைவில் இந்நிலைக்கு வந்துவிடும்.

வியர்வையைக் குறைத்தால் கொப்புளம் குறையுமா? அமெரிக்காவின் வெஸ்ட்பாயிண்ட் ராணுவக் கல்விக்கழகத்தில் 667 மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1998இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர் அலுமினியம் குளோரைடு கரைசலைப் பல இரவுகள் பாதங்களில் தடவிக்கொண்டனர். பின்னர் 21 கிலோமீட்டர் நடந்தபோது அவர்களில் 21 விழுக்காட்டினருக்கே கொப்புளம் வந்தது. வெறும் கரைசல் தடவியவர்களில் 48 விழுக்காட்டினருக்கு வந்தது. ஆனால் மருந்து தடவியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தோல் அரிப்பும் எரிச்சலும் உண்டாயின. ஆகவே இதை எல்லாருக்கும் ஏற்ற வழியாகக் கொள்ள முடியாது. ஈரத்துக்கும் கொப்புளத்துக்கும் உள்ள உறவுக்கு நல்ல சான்றாக மட்டும் கொள்ளலாம்.

தடுக்கும் வழிகள்

காரணம் தெரிந்துவிட்டால் தடுப்பும் தெளிவாகிவிடும். சறுக்கல் நடந்தே தீரும். அதைத் தோலுக்குள் நடக்கவிடாமல் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.

முதலாவது, பழக்கம். மிதமான இழுப்பை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பெறும் தோல் தடித்து உறுதியாகிறது. திடீரென்று ஒரே நாளில் 18,000 முறை இழுபடும் தோல் கிழிகிறது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு நடக்க எண்ணுபவர், ஆனி மாதத்திலிருந்தே நடக்கத் தொடங்கி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி வருவது நல்லது. பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கி அன்றே போட்டுக்கொள்வது பெரும் தவறு. நீண்ட நடையில் பாதம் வீங்கும். ஆகவே செருப்பையும் ஷூவையும் மாலை வேளையில் வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடமிருக்க வேண்டும். குதிகால் மட்டும் உள்ளே ஏறியிறங்காமல் நிற்க வேண்டும்.

இரண்டாவது, காலுறை. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் கலந்த காலுறை விரைவில் உலரும். மெல்லிய காலுறை ஒன்றின்மேல் தடித்த காலுறை ஒன்று அணிந்தால், சறுக்கல் இரண்டு துணிகளுக்கும் இடையே நடந்துவிடும், தோல் தப்பும். இரண்டு இணைகள் கொண்டுபோய், நிற்குமிடத்தில் மாற்றிக்கொண்டு, ஈரமானதை மூட்டைமேல் கட்டி உலரவிடலாம்.

மூன்றாவது, காகிதப் பிளாஸ்திரி. மருந்துக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய வெள்ளைப் பட்டைதான். பல நாள் ஓட்டப்பந்தயங்களில் கலந்துகொண்ட 128 பேரிடம் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. ஒருவரது ஒரே பாதத்தில் சில இடங்களில் மட்டும் இந்தப் பட்டையை ஒட்டி, ஒட்டாத இடங்களோடு ஒப்பிட்டனர். ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. புறப்படுமுன், உலர்ந்த பாதத்தில், வழக்கமாகக் கன்றும் இடத்தில் ஒரே மடிப்பாகச் சுருக்கமின்றி ஒட்ட வேண்டும்.

எண்ணெய் தடவலாமா என்று கேட்பீர்கள். தடவியவுடன் உராய்வு குறையும். சில மணி நேரம் கழிந்ததும், தோல் மென்மையாகி, உராய்வு முன்னிருந்ததைவிடக் கூடிவிடும். காலையில் தடவிய எண்ணெயை நம்பி மாலைவரை நடக்கக்கூடாது. பவுடரும் முதலில் உதவும்; வியர்வையில் குழைந்து கட்டிதட்டியபின் அதுவே உறுத்தும்.

கொப்புளம் வருமுன் பாதம் ஓர் அறிவிப்புத் தருகிறது. ஓரிடம் மட்டும் சூடாக, கன்றியதுபோல் இருக்கும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று நடந்துவிடாதீர்கள். அங்கேயே நின்று, துடைத்து, உலர்த்தி, பட்டை ஒட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் அடுத்த ஐந்து நாட்களைக் காப்பாற்றும்.

கொப்புளம் மட்டுமன்றிக் குதிகால் வலியும் நடப்போரை வாட்டும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது. தேய்ந்து மெலிந்த செருப்பில் எடை முழுவதும் குதிகாலின் சிறு பரப்பில் விழுகிறது. மென்மையான, சற்றுத் தடித்த அடியுள்ள செருப்பு அந்தப் பரப்பைக் கூட்டி அழுத்தத்தைக் குறைக்கிறது. சுமையைக் குறைப்பதும், எட்டி வைக்காமல் குறுகிய அடியாக வைப்பதும், ஒரு மணிக்கு ஒருமுறை உட்கார்ந்து காலை உயர்த்தி வைப்பதும் வலியைத் தணிக்கும்.

வெறுங்காலுடன் நடப்போர்

நேர்த்திக்கடனாகச் செருப்பின்றி நடப்போர் பலர். அவர்களுக்கு உராய்வோடு இன்னொரு பகையும் உண்டு. அதுவே தார்ச்சாலையின் வெப்பம். ஆடி முடியும் நாட்களில் இருக்கன்குடியில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சுமார் 5 டிகிரி தொலைவிலேயே நிற்கிறது. வெயிலை நேராக வாங்கும் கருந்தார், கடும் வெயிலில் 60 டிகிரி செல்சியஸையும் எட்டக்கூடும். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய இருவர் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, 44 டிகிரி வெப்பம் தோலைச் சுட ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். அதற்கு மேல் 51 டிகிரிவரை ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். 60 டிகிரியில் சில விநாடிகளே போதும்.

அனுபவமுள்ள நடையர்கள் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின்மேல் அடியெடுத்து வைப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தக் கோடு தாரைவிடக் குளிர்ந்திருக்கிறது. ஓரத்து மண்ணும் ஓரளவு நல்லதே. தளர்ந்த மண் வெப்பத்தைக் காலுக்கு மெதுவாகவே கடத்தும். ஆனால் கருவேல முள்ளைப் பார்த்து நடக்க வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்தது, இரவிலும் விடியற்காலையிலும் நடந்து, வெயில் ஏறுமுன் நிழலில் தங்கிவிடுவது. இரவில் நடப்போர் கையில் விளக்கும், வண்டியோட்டிகளின் கண்ணில் படும் வெளிர்நிற ஆடையும் அவசியம்.

வலி இல்லாத கால்

இதுவரை சொன்னதெல்லாம் வலியை உணரும் கால்களுக்கு. வலியே தெரியாத கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதும் அதுதான்.

என் தாய்மாமா ஒருவர் சர்க்கரை நோயுள்ளவர். சில ஆண்டுகளுக்கு முன் வெறுங்காலுடன் இருக்கன்குடிக்கு நடந்தார். கோயிலை அடைந்ததும், "அம்மன் புண்ணியம், காலே வலிக்கலையப்பா" என்று என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். நானும் மகிழ்ந்தேன். வீடு திரும்பியபின் அத்தைதான் தரையில் ஈரத்தைக் கண்டு, மாமாவின் காலைத் தூக்கிப் பார்த்தார். பெருவிரலின் கீழே பெரிய கொப்புளம் உடைந்து புண்ணாகி, மண் ஏறியிருந்தது. அந்தப் புண் ஆறவில்லை. சில மாதங்களில் அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வலிக்கவில்லை என்று அவர் சொன்ன அந்தக் கணமே நான் அவர் காலைப் பார்த்திருக்க வேண்டும்.

நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் பழுதடைகின்றன. உராய்வும் சூடும் தோலைக் கிழிக்கும். ஆனால் செய்தி மூளைக்கு எட்டாது. இதன் உண்மையைத் தெளிவுபடுத்திய பெரும்பணி நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கால்கள் நோயால் தாமாகவே அழுகுவதாக அப்போது எண்ணியிருந்தனர். உணர்ச்சியற்ற காலை அவர்கள் தம்மை அறியாமல் காயப்படுத்திக்கொள்வதே புண்ணுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். அந்தக் கால்களுக்காக நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரில் செருப்புகள் செய்வித்தார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததே. வலி ஒரு வரம் என்பதை அவர் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார்.

ஆகவே சர்க்கரை நோயுள்ளவர்கள் வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். புறப்படுமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். வளையக்கூடிய மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். அந்த இழை 10 கிராம் எடைக்குரிய விசையில் வளைவது. நிமிடக் கணக்கில் முடியும் எளிய சோதனை அது.

வந்துவிட்டால்

சிறிய கொப்புளத்தை உடைக்காமல் மூடி வையுங்கள். அதன் மேல்தோலே மிகச் சிறந்த கட்டு. அதன் கீழே 24 மணி நேரத்துக்குள் செல்கள் மும்முரமாகப் பெருகத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 5 நாட்களில் புதிய கொம்புப் படலம் உருவாகிவிடுகிறது. பெரிதாகி நடக்கவே முடியாமல் வலித்தால் மட்டும், கைகளையும் இடத்தையும் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்த ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலை உரிக்காமல் சுத்தமான துணியால் கட்டுங்கள். சிலர் ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டுவைப்பார்கள். அது கிருமிகளுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதாகும். இரத்தம் கட்டிய கொப்புளத்தைத் தொடாதீர்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஏதேனும் தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை நோயுள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாமே துளைக்கக்கூடாது.

அடுத்த ஆடியில் நீங்களும் உங்கள் குடும்பத்தோடு நடக்கக்கூடும். மூட்டையில் ஒரு பிளாஸ்திரிச் சுருளும், ஒரு துண்டும், ஒரு கைவிளக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடந்தோறும் உங்கள் பாதத்தைப் பாருங்கள். உடன் வரும் பெரியவர், "எனக்கு வலியே இல்லை" என்று சொன்னால், மகிழ்வதற்கு முன் அவர் முன்னே உட்கார்ந்து, விளக்கைப் பிடித்து, அவருடைய உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.